தறிக்குக் கொடுக்கும் காது



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கத்திரி பிறந்திருக்கும். மாலைச் செய்தியில் வெயில் சுட்ட ஊர்களை வாசிக்கும்போது வேலூரும் திருத்தணியும் முந்திக்கொண்டு வருவது நமக்குப் பழகிப்போன சங்கதி. ஆர்.கே.பேட்டையின் பெயரை யாரும் வாசிப்பதில்லை. அதற்காகத் திருத்தணியில் அடிக்கிற வெயில் பேட்டைக்குப் போகாமல் பாதி வழியில் திரும்பிவிடுவதும் இல்லை.

கோடை வந்தால் வாசகர் கடிதங்களின் பேச்சே மாறிவிடும். ‘ஃபேன் சுத்துது, காத்து வரலை’, ‘ராத்திரியானா அனலா அடிக்குது’, ‘பழசையே பார்க்கலாமா, புதுசு வாங்கிடலாமா’ என்று வரிசையாக வரும். ஆகவே இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தைச் சீலிங் ஃபேனுக்கே எழுதிவைத்துவிட்டேன். அரசியல் அடுத்த மாதமும் இருக்கும்.

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் தெருவில் நடந்தவர்களுக்குத் தெரியும், தறி ஓடும் வீட்டைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். அந்தச் சத்தத்துக்குள்ளேயே நாளெல்லாம் இருப்பவர்களின் காது இன்னும் கூர்மை. நாலு விசைத்தறி ஓடும் கொட்டகையில் ஒன்றின் தாளம் கொஞ்சம் பிசகினால் போதும், அடுத்த தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருப்பவர் தலையைத் திருப்புவார். நாடா சரியாக வந்து சேரவில்லை, பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று எழுந்து பார்க்காமலே சொல்வார். அதே வீட்டுக் கூடத்தில் ஃபேன் இரண்டு வருஷமாக ‘டொக்... டொக்...’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். அது மட்டும் யார் காதிலும் விழாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: தறிக்குக் கொடுக்கும் காதில் கால்வாசியை ஃபேனுக்கும் கொடுங்கள்.

சீலிங் ஃபேனுக்கும் நூலுக்கும் பழைய உறவு உண்டு. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிலிப் டீல், சிங்கர் தையல் மெஷின் கம்பெனியில் வேலை பார்த்தவர். தையல் மெஷினை ஓட்டுவதற்காகச் செய்த மோட்டாரை 1880-களில் கூரையில் தொங்கவிட்டு, றெக்கை மாட்டி, மின்விசிறி ஆக்கியவர் அவர்தான். அந்தக் காலத்தில் நம் ஊர்க் கச்சேரிகளிலும் துரைமார் பங்களாக்களிலும் பங்கா ஆடிக்கொண்டிருந்தது. உத்திரத்திலிருந்து தொங்கும் நீளத் துணியை, வெளியே வராந்தாவில் உட்கார்ந்து ஒருவர் கயிற்றால் இழுத்துக்கொண்டே இருப்பார். காற்று உள்ளே இருப்பவருக்கு, வியர்வை இழுப்பவருக்கு.

நம் மாவட்டத்துக்கும் ஒரு மின்விசிறிப் பெருமை உண்டு. அரசு வீட்டுக்கு வீடு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்த விலையில்லாத் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளில், முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது திருவள்ளூரை அடுத்த காக்களூரில்தான். அப்போது வந்த மேஜை ஃபேன்களில் சில இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சில, ஒரு கண்டன்சர் போனதற்காகப் பரண் ஏறிவிட்டன. கண்டன்சர் விஷயம் தெரிந்திருந்தால் ஏறியிருக்காது.

அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். சீலிங் ஃபேனுக்குள் நடுவே இருக்கும் காயில் அசையாது. அதைச் சுற்றியிருக்கும் வெளிக்கூடுதான் றெக்கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. காயிலும் ஒன்றல்ல, இரண்டு. வீட்டுக்கு வருகிற சிங்கிள் ஃபேஸ் கரண்ட் இரண்டிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால், எந்தப் பக்கம் சுற்றுவதென்று தெரியாமல் கூடு ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு நிற்கும். கைத்தறியில் இரண்டு மிதியையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள், இழைகள் பிரிந்து நாடாவுக்கு வழி விடாது. ஒன்று முன்னே, ஒன்று பின்னே மிதிக்க வேண்டும். அந்த முன்பின்னை உண்டாக்குவதுதான் கண்டன்சரின் வேலை. ஒரு காயிலின் கரண்டை இன்னொன்றைவிடக் கொஞ்சம் முந்த வைக்கிறது. உடனே உள்ளே காந்தப்புலம் ஒரு திசையில் சுழலத் தொடங்குகிறது, கூடு அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது.

வீடுகளில் இருக்கும் 48 இன்ச் ஃபேன்களில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இருக்கும். சூடு பட்டுப் பட்டு வருஷங்கள் போகப் போக அதன் அளவு குறைந்துகொண்டே வரும். மேலே 2.5 என்று அச்சடித்திருக்கும், மீட்டரில் வைத்தால் ஒன்றரைதான் காட்டும். இதில் தந்திரம் என்னவென்றால், ஃபேன் ஒரே நாளில் நிற்பதில்லை. மூன்றில் வைத்துக்கொண்டிருந்தவர்கள் நாலில் வைப்போம், அடுத்த வருஷம் ஐந்தில் வைப்போம், ‘வெயில் ஜாஸ்தியாயிடுச்சு’ என்று சொல்லிக்கொள்வோம். பிறகு ஒருநாள் சுவிட்சைப் போட்டால் முனகும், சுற்றாது. துடைப்பக்கட்டையால் றெக்கையைத் தள்ளிவிட்டால் தள்ளின பக்கமாக மெல்ல ஓட ஆரம்பிக்கும். இப்படித் தள்ளினால் ஓடுகிறது என்றால் காயில் பிழைத்திருக்கிறது, கண்டன்சர்தான் போயிருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

தள்ளித் தள்ளியே ஒரு கோடையைக் கடத்துகிற வீடுகளை எனக்குத் தெரியும். வேண்டாம். முனகிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் காயில் சூடேறுகிறது. நூறு ரூபாயை ஒட்டிய ஒரு சாமானை மாற்றாமல் விட்டு, காயில் கட்டும் கடைக்கு ஃபேனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டி வரும். இன்னொரு பழக்கமும் உண்டு. ‘அண்ணே, 2.5-க்குப் பதிலா 3.15 போட்டுவிடுங்க, ஜம்முனு சுத்தும்’ என்று நாமே யோசனை சொல்வது. கொஞ்ச நாளைக்கு வேகம் கூடினதுபோல் இருக்கும். அந்த வேகத்துக்குக் காயில்தான் வாடகை கொடுக்கிறது. பழைய கண்டன்சரில் என்ன அளவோ அதையே கேட்டு வாங்குங்கள்.

கண்டன்சரை மாற்றியும் சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் ஃபேன் தளர்ந்துபோகிறதா? அது ஃபேனின் குற்றமில்லை, வோல்டேஜ். வோல்டேஜ் குறையும்போது மோட்டாரின் சுற்றுவிசை அதே விகிதத்தில் குறைவதில்லை, வர்க்க விகிதத்தில் குறைகிறது. 230 வோல்ட் 180-க்கு இறங்கினால் விசை ஐந்தில் மூன்று பங்குதான் மிஞ்சும். எல்லாரும் லைட், டி.வி., மோட்டார் போடும் நேரத்தில் தெருவே இப்படித் தவித்தால், ஆளுக்கொரு ஸ்டெபிலைசர் வாங்குவதில் பயனில்லை. 2021-இல் தொடங்கிய மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையம் இரவு பகலாக இயங்குகிறது. எண் 94987 94987. மீட்டர் அட்டையில் உள்ள இணைப்பு எண்ணைச் சொல்லிப் புகாரைப் பதிவுசெய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலு வீட்டார் தனித்தனியாகப் பதிவுசெய்தால் இன்னும் நல்லது.

இனிச் சத்தங்கள். சுற்றுக்கு ஒரு முறை சீராக ‘டொக்’ என்றால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. றெக்கையின் ஸ்க்ரூவாக இருக்கலாம். மேலே ஹூக்கை மறைக்கும் கப் இறங்கி ஃபேனை உரசுவதாக இருக்கலாம். ஹூக்கில் மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து இரும்போடு இரும்பு மோதுவதாகவும் இருக்கலாம். முதல் இரண்டும் திருப்புளி வேலை. மூன்றாவதை ஒத்திப்போடக் கூடாது, காரணம் பிறகு சொல்கிறேன். ‘கர்ர்ர்’ என்று அரைப்பதுபோல் கேட்டால் பேரிங். அதற்குப் பெரும்பாலான வீடுகளில் செய்யும் வைத்தியம், தையல் மெஷின் எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ மேலிருந்து ஊற்றுவது. பேட்டையில் எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை, தறிக்குப் போடுவது கையருகே இருக்கும். ஆனால் இப்போது வரும் ஃபேன்களில் பேரிங் மூடியது. ஊற்றின எண்ணெய் அதற்குள் போகாமல் வழிந்து காயிலில் இறங்கும், காற்றில் பறக்கும் பஞ்சையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். பேரிங் தேய்ந்தால் மாற்றுவதுதான் வழி. பேரிங்கின் ஓரத்திலேயே 6201, 6202 என்று எண் பொறித்திருக்கும்; அதைக் காட்டிக் கேட்டால் கடையில் கொடுப்பார்கள். மேலும் கீழுமாக இரண்டு இருக்கும், ஒன்றை மாற்றும்போது மற்றதையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கழற்றி மாட்ட மெக்கானிக் வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்கினால் புது பேரிங்கும் அன்றைக்கே அரைக்க ஆரம்பித்துவிடும்.

மெல்லிய ரீங்காரம், அதுவும் மூன்றாம் எண்ணில் மட்டும் கேட்டால், ஃபேனை விட்டுவிட்டு ரெகுலேட்டரைப் பாருங்கள். விரலால் குமிழைத் திருகிக்கொண்டே போகும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் சில இப்படிப் பாடும். படிப்படியாக எண் மாறும் ரகத்தில் இது குறைவு. பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: அதில் வேகத்தைக் குறைப்பதால் கரண்ட் பெரிதாக மிச்சமாவதில்லை. குறைத்த பங்கைப் பெட்டியே சூடாக்கிச் சுவரில் விட்டுவிடுகிறது. தொட்டுப் பார்த்தால் தெரியும்.

தறி வீட்டு ஃபேனுக்கு மற்ற வீட்டு ஃபேனுக்கில்லாத ஒரு வியாதி உண்டு, பஞ்சு. நூலிலிருந்து உதிரும் பிசிறு றெக்கையின் முன் விளிம்பில் படிந்து காற்றைக் குறைக்கும். அது கண்ணுக்குத் தெரிவதால் எப்போதாவது துடைத்துவிடுவோம். மோட்டார் கூட்டில் காற்று போய்வர விட்டிருக்கும் துளைகளை அடைத்துக்கொள்ளும் பஞ்சு கண்ணுக்குத் தெரியாது. உள்ளே சூடு தங்கி, கண்டன்சரும் காயிலும் சீக்கிரம் போகும். பஞ்சு நெருப்பைப் பிடிக்கும் சாமான் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. தறி ஓடும் வீட்டில் வாரத்துக்கு ஒரு முறை றெக்கையையும், மாதத்துக்கு ஒரு முறை காய்ந்த பிரஷ்ஷால் துளைகளையும் சுத்தம் செய்யுங்கள். றெக்கையைத் துடைக்கும்போது ஒரு கையால் அடியில் தாங்கிக்கொள்ள வேண்டும். அழுத்தித் துடைத்து ஒரு றெக்கை கொஞ்சம் வளைந்தால் போதும், அன்றிலிருந்து ஃபேன் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் வந்துவிட்டதா? ஃபேனை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு றெக்கையின் நுனிக்கும் மேல்தளத்துக்கும் உள்ள இடைவெளியை ஒரே இடத்தில் நின்று ஒரு குச்சியால் அளந்து பாருங்கள். எந்த றெக்கை தாழ்ந்திருக்கிறது என்பது பிடிபட்டுவிடும். மூன்று றெக்கையும் ஒரே எடையாகச் சேர்த்து அனுப்பப்பட்டவை என்பதால், ஒன்றை மட்டும் வேறு ஃபேனிலிருந்து கழற்றி மாட்டுவது ஒத்துவராது.

கைத்தறி நெய்கிறவர்களின் சங்கடம் வேறு. பருத்தி இழைக்கு ஈரப்பதம் இருந்தால்தான் வலு. நேராகப் பாவின் மேல் ஃபேன் ஓடினால் இழை உலர்ந்து அறுபட ஆரம்பிக்கும். அதனால் தலைக்கு மேலே ஃபேன் இருந்தும் போடாமல் வியர்வையோடு நெய்பவர்கள் இருக்கிறார்கள். ஃபேனைப் பாவுக்கு மேலே மாட்டாமல், நெய்பவர் உட்காரும் பக்கமாகப் பின்னால் தள்ளி மாட்டுவது, அல்லது சுவர் ஃபேனை முதுகுப் பக்கம் வைப்பது, இரண்டுக்கும் நடுவான வழி. வீடு கட்டும்போது அறையின் நட்ட நடுவில் ஹூக் போடுவது வழக்கம் என்பதற்காக, தறியும் அதன் கீழே அறுந்துகொண்டிருக்க வேண்டுமா?

ஹூக் என்றதும் ரப்பர் புஷ் ஞாபகம் வருகிறது. பத்து மணி நேரம் ஓடும் ஃபேன், நிமிஷத்துக்கு 350 சுற்று என்று வைத்தாலும், ஒரே நாளில் இரண்டு லட்சம் சுற்றுகளைத் தாண்டுகிறது. ஏறக்குறைய நாலு கிலோ எடை, இத்தனை சுற்றின் அதிர்வு, எல்லாம் விழுவது ஹூக்கின் மேல் குறுக்கே போகும் ஒரு போல்ட்டிலும், அந்த போல்ட் கழன்றுவிடாமல் காக்கும் சின்ன ஸ்பிளிட் பின்னிலும். ரப்பர் புஷ் அதிர்வை வாங்கிக்கொள்ளும். அது பொடிந்துபோனால் போல்ட்டும் ஹூக்கும் ஒன்றையொன்று அறுக்கத் தொடங்கும். படுக்கைக்கு நேர் மேலே நடக்கும் இந்தக் காரியத்தைக் கப் மூடி மறைத்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, சித்திரை பிறக்கும் முன், கப்பை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பிளிட் பின் இருந்த இடத்தில் கம்பித்துண்டோ ஆணியோ செருகியிருந்தால் உடனே மாற்றுங்கள். மழைக்கு ஒழுகும் தளமாக இருந்தால் ஹூக் துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஃபேன் ஹூக்கில் குழந்தைக்குத் தூளி கட்டும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழந்தை ஆடும் ஆட்டம் ஒரு பக்கம், சேலை உரசி உள்ளே போகும் வயர் ஒரு பக்கம். புது வீடு கட்டுகிறவர்கள் கான்கிரீட் போடும் அன்றைக்கே தூளிக்கென்று தனி ஹூக் ஒன்றைப் போடச் சொன்னால் கூடுதல் செலவு ஒரு கம்பித்துண்டு. ஓட்டு வீட்டில் விட்டத்தில் கிளாம்ப் போட்டும், ஷீட் வீட்டில் இரும்புக் குழாயில் கட்டியும் ஃபேன் மாட்டுகிறோம். அங்கே உயரம்தான் கவலை. றெக்கை தரையிலிருந்து எட்டடிக்குக் குறையக் கூடாது. குழந்தையைத் தோளில் தூக்கி விளையாடும் அப்பாக்கள் இருக்கும் வீட்டில் எட்டடியும் போதாது. மேலே, தளத்துக்கும் றெக்கைக்கும் நடுவே ஓரடி இடைவெளி இருந்தால்தான் ஃபேன் மேலிருந்து காற்றை இழுக்க முடியும்.

வயரிங் பற்றி நான் நீட்டி எழுதப் போவதில்லை. அது தெரிந்தவர் கையில் இருக்க வேண்டிய வேலை. தமிழ்நாட்டில் மின்கம்பியாளர்களுக்கும் அவர்களின் உதவியாளர்களுக்கும் தகுதிகாண் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறார்கள்; வீட்டுக்கு வரும் தம்பியிடம் ‘சான்றிதழ் இருக்காப்பா’ என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. ஆனால் வேலை நடக்கும்போது வீட்டில் இருப்பவர் கவனிக்க வேண்டிய சில உண்டு. ஸ்டூலில் ஏறுமுன் சுவர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச், ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலை வெட்டுவதாக மாறிப் போயிருக்கலாம். அப்போது ஃபேன் நின்றிருக்கும், வயரில் கரண்ட் இருக்கும். மெயினை இறக்க வேண்டும். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் ஃபேன் பாயிண்ட் உயிரோடுதான் இருக்கும், ஏனென்றால் கரண்ட் போனாலும் ஃபேன் ஓட வேண்டும் என்றுதானே அதை வாங்கினோம்! இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை போக வேண்டும்.

இன்னொன்று எர்த். ஃபேனிலேயே பச்சை வயருக்கு இடம் விட்டிருப்பார்கள். ஹூக் பெட்டிக்கு இரண்டு வயர்தான் வந்திருக்கிறது என்று அதைச் சுருட்டி உள்ளே தள்ளிவிடுவது நடக்கிறது. வயர் உரசித் தோல் போய், கரண்ட் ஃபேனின் உடம்புக்கு வந்துவிட்டால் அது வடிய வழி இல்லை. ஹூக்கோ தளத்துக்குள் இருக்கும் கம்பியோடு கட்டப்பட்டது. மழைக்காலத்தில் சுவரைத் தொட்டால் ‘சுருக்’ என்கிறது என்று சொல்லும் வீடுகளில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. எர்த் வயரை இழுத்து மாட்டச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிட்டால் கசிவு ஏற்பட்ட கணமே அது விழுந்துவிடும். ஃபேன் வாங்கும் காசுதான் அதற்கும் ஆகும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் ஆர்.சி.சி.பி.யைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

‘பழசா, புதுசா’ என்று கேட்டவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சாதாரண ஃபேன் 75 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால் மீட்டர் ரீடிங் எடுக்கும் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். இரண்டு ஃபேன் ஓடினாலே 90, அதாவது 2016 முதல் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் ஏறக்குறைய ஃபேனிலேயே தீர்ந்துவிடும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டை ஒட்டி எடுக்கிறது. அதே ஓட்டத்துக்கு 18 யூனிட். கூட்டில் நிரந்தரக் காந்தமும், மோட்டாரை ஓட்ட ஒரு எலக்ட்ரானிக் போர்டும் இருப்பதால் இந்தச் சிக்கனம். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது. இன்வெர்ட்டரில் நெடுநேரம் ஓடும். தறிக்குத் தனி மீட்டர், அதற்கு அரசு தரும் இலவச யூனிட், 2023-இல் கைத்தறிக்கு 300, விசைத்தறிக்கு 1000 என்று உயர்த்தியது, எல்லாம் வேறு கணக்கு. வீட்டு மீட்டரில் ஃபேன்தான் பெரிய ஆள்.

ஆனாலும் எல்லா ஃபேனையும் கழற்றிப் போட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய ஃபேனுக்கு எது வந்தாலும் ஊரிலேயே சரிசெய்ய ஆள் உண்டு, காயில் கட்டக் கடை உண்டு. பி.எல்.டி.சி. ஃபேனின் போர்டு போனால் கம்பெனி ஆளுக்குக் காத்திருக்க வேண்டும். இரவு பகலாக ஓடும் கூடத்து ஃபேனையும் படுக்கையறை ஃபேனையும் மாற்றுங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறையில் பழசே இருக்கட்டும். வாங்குமுன் சர்வீஸ் திருத்தணி வரைக்குமாவது வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை விலக்கிவிட்டு நேராக இணைக்க வேண்டும். ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் போர்டு கெடும். 2023 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் சீலிங் ஃபேன்களில் நட்சத்திர முத்திரை கட்டாயம். முத்திரையே இல்லாமல் மலிவாகக் கிடைத்தால் ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

‘ராத்திரியானா அனலா அடிக்குது’ என்ற கடிதத்துக்கு வருகிறேன். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையை உலர்த்துகிறது, அதனால் உடம்பு குளிர்கிறது, அவ்வளவே. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில் அந்தச் சூட்டைக் கீழே இறக்கும்போது, ஃபேன் அதைத்தான் வாரி நம் மேல் போடுகிறது. அறையின் வெப்பம் 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டுமே மின்விசிறியைப் பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேலே போனால், வீசுகிற காற்றே உடம்பைச் சூடாக்கும். கத்திரி மத்தியானத்தில், ஷீட் போட்ட வீட்டுக்குள், 40 என்பது நமக்கு எட்டாத எண்ணில்லை. வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் மூடின அறையில் ஃபேனைப் போட்டுப் படுக்க வைத்துவிட்டுத் தறிக்குப் போவது அந்த நேரத்தில் ஆபத்து. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுவதும், தண்ணீர் குடிக்க வைப்பதும், மரத்தடியோ ஓட்டு வீட்டுத் திண்ணையோ இருந்தால் அங்கே கொண்டுபோவதும் அப்போது ஃபேனைவிட மேல்.

சூட்டை வெளியேற்ற வேறு வழி வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் தொழிற்சாலைக் கூரைகளில் வெள்ளி உருண்டைகள் தாமாகச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கரண்ட் கிடையாது, மேலே ஏறும் வெப்பக் காற்றும் வெளிக்காற்றும் அவற்றைச் சுற்றவைக்க, உள்ளே தேங்கும் அனல் வெளியே போகிறது. பெரிய விசைத்தறிக் கொட்டகை வைத்திருப்பவர்கள் இதைப் பரிசீலிக்கலாம். வீடுகளுக்குச் சுவரின் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் தாழ்வாக ஒரு ஜன்னலையாவது திறந்து வைக்க வேண்டும். உள்ளே வர வழியில்லாமல் வெளியே மட்டும் தள்ளச் சொன்னால் எந்த ஃபேனும் தள்ளாது. மாடி வீட்டில் இதுவும் தேவையில்லை. இரவில் மாடிப்படி அறைக் கதவைக் கம்பிக் கதவோடு திறந்து வைத்து, கீழ் ஜன்னல்களையும் திறந்தால் அனல் தானாகப் படி ஏறிப் போய்விடும்.

ஷீட் கூரைக்கு அடியில் தெர்மாகோல் சீலிங் அடிப்பது இப்போது நம் பக்கம் பரவியிருக்கிறது. நல்லதுதான், சூடு குறைகிறது. ஆனால் ஷீட்டுக்கும் தெர்மாகோலுக்கும் நடுவே அகப்பட்ட காற்று வேகிறது. இரண்டு பக்கச் சுவரிலும் வலை அடித்த துளை விட்டால் அது ஆறும். அந்த இடைவெளியில் ஓடும் ஃபேன் வயரில் ஜாயின்ட் போட விடாதீர்கள், வயரைக் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். எலி கடித்த இடம் மேலே மறைந்திருக்கும், அடியில் இருக்கும் தெர்மாகோல் சட்டென்று பற்றிக்கொள்ளும் ரகம்.

இடம் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் பழைய ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால், அது எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு வாங்கியது, இதுவரை என்னென்ன மாற்றினீர்கள் என்று ஒரு கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். காயில் கட்டும் தொழிலில் இருக்கும் வாசகர்கள் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி, கோடையில் எந்த மாதத்தில் எது அதிகமாக வருகிறது என்று உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. ஆனி இதழில் எர்த் குழியைப் பற்றியும் அதற்கு வெயிலில் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றியும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்